டி.சி. வாங்கணுமா அத்த?

போன மே மாதம் மூன்றாம் வாரம் அண்ணன் கூப்பிட்டான். "பிரமோஷன் வந்துட்டு" என்றான். பதவி உயர்வு கிடைத்தவன் குரலாக அது இல்லை. "எந்த ஊரு?" என்று கேட்டேன். வங்கி அதிகாரிகள் வீட்டில் இந்த இரண்டு செய்தியும் பெரும்பாலும் ஒரே தாளில்தான் வரும். "கோயம்புத்தூர். பத்து நாள்ல ஜாயின் பண்ணணும்" என்றான்.

அதற்கடுத்த வாரம் பாளையங்கோட்டை பெருமாள்புரம் வீட்டில் நடந்ததெல்லாம் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டாவது முடித்த பையன் விஷயம் ஒரே நாளில் முடிந்தது. பள்ளியில் ஒரு விண்ணப்பம், நூலகப் புத்தகம் பாக்கியில்லை என்று ஒரு கையெழுத்து, டி.சி. கையில். ஆச்சி இரண்டு நாள் "நான் எங்கயும் வரமாட்டேன்" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள் தன் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். மிச்சமிருந்தது என் மருமகள் ஒருத்தி. பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாவது செமஸ்டர் தேர்வை அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள்.

ஒருநாள் இரவு பதினோரு மணிக்கு அவளிடமிருந்து போன்.

"அத்த, தூங்கிட்டியளா?"

"இல்லட்டி, சொல்லு."

"நான் டி.சி. வாங்கணுமா அத்த? அம்மா வாங்கிரச் சொல்லுதா. அப்பா ஒண்ணுமே பேச மாட்டக்காவ. நீங்க சொல்லுங்க."

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதே கேள்விக்கு என் வாழ்க்கையில் ஒருமுறை பதில் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னது நானல்ல, அதனால்தான் சட்டென்று வாய் வரவில்லை. "ஒரு வாரம் பொறு, விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றேன். அப்படித் தொடங்கிய விசாரிப்புதான் இந்தக் கட்டுரை. மே, ஜூன் மாதங்களில் மாற்றல் உத்தரவு வாங்குகிற வங்கிக்காரர், ரயில்வேக்காரர், காவல்துறைக்காரர், மின்வாரியக்காரர் என்று எத்தனையோ வீடுகளில் இதே பேச்சுத்தான் நடக்கிறது.

பள்ளிக்கு உண்டு, கல்லூரிக்கு இல்லை

பெற்றோருக்கு மாற்றல் வந்தால் பிள்ளையின் படிப்பு என்னாகும் என்பதை இந்த நாடு ஒரு காலத்தில் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. 1963-ல் மத்தியப் பள்ளிகள் என்ற பெயரில் தொடங்கி இன்று கேந்திரிய வித்யாலயாக்களாக இருப்பவை அந்த யோசனையில் பிறந்தவை. ராணுவத்தினரும் மத்திய அரசு ஊழியர்களும் எந்த ஊருக்குப் போனாலும் பிள்ளைகளுக்கு அதே பாடம், அதே புத்தகம். தமிழ்நாட்டுக்குள் 2010-ல் வந்த சமச்சீர்க் கல்வியும் அந்த வேலையைப் பாதி செய்தது. என் அண்ணன் மகன் பாளையங்கோட்டையில் புரட்டிய அதே பாடநூல் வரிசையைத்தான் கோவையிலும் புரட்டுகிறான்.

பன்னிரண்டாம் வகுப்போடு அந்த யோசனை நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதானால் பிள்ளை தன் காலில் நின்றுகொள்ளும் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ, கல்லூரிக்கு அப்படி ஓர் ஏற்பாடு செய்யவே இல்லை.

நடைமுறையைக் கேட்டால் தலை சுற்றும். இங்கே இருக்கும் முதல்வர், மாணவி போவதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அங்கே இருக்கும் முதல்வர், அந்தப் பாடத்தில், அந்த ஆண்டில் இடம் காலியாக இருக்கிறது, சேர்த்துக்கொள்கிறோம் என்று எழுதித் தர வேண்டும். பல்கலைக்கழகமும் மாறினால் இரண்டு பல்கலைக்கழகங்களின் அனுமதியும் வேண்டும். டி.சி., நன்னடத்தைச் சான்று, இடப்பெயர்வுச் சான்று, இதுவரை எழுதிய தாள்களின் மதிப்பெண் பட்டியல், அந்தத் தாள்களின் பாடத்திட்ட நகல், முதல்வர் கையெழுத்தோடு. இத்தனையும் அடுத்த செமஸ்டர் தொடங்குவதற்குள் முடிந்தாக வேண்டும். அண்ணன் பாவம், புது ஊரில் கிளை மேலாளர் வேலையை ஏற்றுக்கொண்ட முதல் வாரத்திலேயே மூன்று கல்லூரிகளின் படி ஏறினான். ஓர் இடத்தில் காலியிடம் இல்லை. ஓர் இடத்தில் அலுவலகம் "முதல்ல டி.சி. வாங்கிட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லியிருக்கிறது. மற்றவர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன்: அந்த வார்த்தையை நம்பி டி.சி. வாங்கிவிடாதீர்கள். புதுக் கல்லூரியின் சம்மதம் எழுத்தில் கைக்கு வரும்வரை பழைய கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருக்கட்டும். இங்கே பெயரை அடித்து, அங்கே இடமும் இல்லையென்றால் ஓர் ஆண்டு போய்விடும்.

அந்தக் காலியிடம் என்கிற சொல்லைப் பற்றியும் யோசித்தேன். முதலாண்டில் காலியிடம் என்றால் யாரும் சேரவில்லை என்று பொருள். இரண்டாம் ஆண்டில் அநேகமாக யாரோ ஒரு பிள்ளை பாதியில் படிப்பை விட்டுப் போயிருக்க வேண்டும். நம் பிள்ளைக்கு ஒரு பெஞ்சு கிடைக்க, பெயர் தெரியாத இன்னொரு பிள்ளை அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

பாடம் எங்கே இடிக்கிறது

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நிஜமான சிக்கல் அதற்குப் பிறகுதான்.

நம் கலை அறிவியல் கல்லூரிகளில் படிப்பு பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-ல் முதன்மைப் பாடமும் துணைப்பாடமும். இயற்பியல் எடுத்தவர்களுக்குக் கணிதமும் வேதியியலும் பெரும்பாலும் துணைப்பாடமாக வரும். எது முதலாண்டில், எது இரண்டாம் ஆண்டில் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். என் மருமகள் முதலாண்டில் துணைக் கணிதம் முடித்துவிட்டாள். அவள் போகும் இடத்தில் முதலாண்டில் வேதியியலும் இரண்டாம் ஆண்டில் கணிதமும் என்று இருந்தால், படித்த கணிதத்தையே வகுப்பில் உட்கார்ந்து மறுபடி கேட்க வேண்டும், படிக்காத வேதியியலை யாரும் சொல்லித் தராமல் தனியாகப் படித்து எழுத வேண்டும். வேதியியல் செய்முறைக்கு எந்த ஆய்வகத்தில், எந்த முதலாண்டு மாணவர்களோடு நிற்பது? இதற்கெல்லாம் விதிப்புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும்: விடுபட்ட தாள்களை எழுதித் தேற வேண்டும். அந்த ஒரு வரியைப் பிள்ளை ஒரு வருடம் சுமக்கும்.

தன்னாட்சிக் கல்லூரிகளில் இது இன்னும் கடினம். 1978-ல் தமிழ்நாட்டில் சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றபோது நாட்டுக்கே அது புதிது. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்து, தேர்வைத் தாங்களே நடத்தும் அந்த உரிமையால் நல்ல பாடங்கள் வந்தன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே நகரத்தில் அடுத்தடுத்த தெருவில் இருக்கும் இரண்டு தன்னாட்சிக் கல்லூரிகளின் இரண்டாம் ஆண்டு இயற்பியல்கூட ஒன்றுபோல இருக்காது. திருநெல்வேலியின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக எல்லையிலிருந்து கோவையின் பாரதியார் பல்கலைக்கழக எல்லைக்குப் போவதைச் சொல்லவே வேண்டாம்.

இது அரசுக்குத் தெரியாததல்ல. 2023-24 கல்வியாண்டில் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எளிதாகும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தன்னாட்சிக் கல்லூரிகளும் ஆசிரியர்களும் எதிர்த்தார்கள். பாடத்தின் தரமும் கல்லூரியின் சுதந்திரமும் போய்விடும் என்ற அவர்கள் அச்சம் நியாயமானது. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குக் கட்டாயமில்லை என்று அரசும் இறங்கி வந்தது. அந்த விவாதம் முழுக்க ஆசிரியர் பக்கமும் அரசு பக்கமும் நின்றே நடந்தது. இரண்டாம் ஆண்டில் ஊர் மாற வேண்டிய பிள்ளையின் பக்கத்தில் நின்று பேசிய குரல் எதுவும் என் காதில் விழவில்லை. பாடத்தை ஒன்றாக்க வேண்டியதில்லை. எந்தக் கல்லூரியின் எந்தத் தாள் எதற்கு ஈடு என்று ஓர் அட்டவணை போட்டு, துணைப்பாடம் விடுபட்டவர்களுக்கு மே மாதத்தில் ஒரு கோடை வகுப்பு நடத்தினால் பாதிச் சிக்கல் தீரும்.

மத்தியில் 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு மதிப்பலகு வங்கி ஒன்றுக்கு விதிகள் வகுத்தது. மாணவர் படித்துத் தேறிய தாள்களின் மதிப்பலகுகள் அவர் கணக்கில் ஏறும், ஏழு ஆண்டு வரை அங்கேயே இருக்கும், வேறு கல்லூரியில் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம். பட்டம் தரும் நிறுவனத்தில் பாதி அலகுகளாவது படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணனிடம் விளக்கியபோது அவன் வங்கிக்காரன் புத்தியோடு கேட்டான்: "டெபாசிட் வாங்குதாங்க, சரி. வித்ட்ராவல் கவுன்டர் எங்க இருக்கு?" அதுதான் கேள்வி. பல கல்லூரிகளில் மாணவர்களிடம் கணக்கு எண் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைக் காட்டி இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், பழைய காகிதங்களையே மறுபடி கேட்கிறார்கள்.

பொறியியலில் நிலைமை கொஞ்சம் தேவலை. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த, தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்கு ஒரே பாடத்திட்டம் என்பதால் தாள்கள் இடிப்பதில்லை. மருத்துவத்தில் முன்பு முதலாண்டுத் தேர்வில் தேறியவர்களுக்கு ஒரு சிறு வாசல் இருந்தது. 2023-ல் வந்த விதிமுறைகள் அதையும் அடைத்தன. அதை எதிர்த்து மாணவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்.

பணக் கணக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பில், சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை, அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கி, கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. ஆகவே புது ஆண்டுக் கட்டணம் கட்டும் முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாக்கம் பேருந்து

மாற்றல் உத்தரவு வருகிற வீடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம் நிற்பதில்லை, லாரி வாடகைகூட அலுவலகம் தரும். இந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல், ஊர் மாறச் சொல்லி வெளியேற்றப்படுகிற குடும்பங்கள் சென்னையில் இருக்கின்றன.

கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் குடியிருந்தவர்களை 2000-லிருந்து கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அது வேகமெடுத்தது. இரண்டு இடங்களிலும் சேர்த்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். கல்வியாண்டின் நடுவில் வீடுகளை இடிப்பது அங்கே புதிதல்ல. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிபட்டபோது பள்ளிப் பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன.

கூவம் கரையில் இருந்த வீட்டிலிருந்து பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிக்கோ, கடற்கரைச் சாலையில் 1914-லிருந்து இருக்கும் ராணி மேரிக் கல்லூரிக்கோ ஒரு பெண் நடந்தோ பத்து நிமிடப் பேருந்திலோ போய்வந்திருப்பாள். வீடு பெரும்பாக்கத்துக்குப் போன மறுநாள் அதே கல்லூரி 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடுகிறது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அவளுக்கு யாரும் உத்தரவு காட்டவில்லை, பத்து நாள் அவகாசம் தரவில்லை. கல்லூரி விடுதிக்குப் போகலாமே என்றால், குடும்பம் அதே சென்னை எல்லையில்தானே இருக்கிறது என்பார்கள். பெரும்பாக்கத்திலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் அவள் படிக்கும் பாடம் அங்கே இருக்க வேண்டும், அந்த ஆண்டில் இடமும் இருக்க வேண்டும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலை ஆறு மணிக்குப் பெரும்பாக்கத்தில் கிளம்பும் பேருந்தில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு கையில் நோட்டைப் பிடித்துப் படிக்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். அந்தக் கட்டணமில்லாப் பயணம் இல்லையென்றால் இவர்களில் எத்தனை பேர் டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. இவர்கள் விஷயத்தில் கல்லூரி மாற்றத்தைவிட எளிதான ஒரு வழி உண்டு. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இரண்டு உண்டு. மாலை ஷிப்டில் படிப்பவள் வீடு சேர இரவு ஒன்பது ஆகும். அவளைக் காலை ஷிப்டுக்கு மாற்றினால் படிப்பும் தொடரும், வெளிச்சத்தோடு வீடும் சேர்வாள். மறுகுடியமர்த்தும் வாரியம் வீட்டுச் சாவியைக் கொடுக்கும்போதே, அந்த வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருக்கிறதா என்று ஒரு வரி எழுதிக்கொண்டு கல்லூரிக்கு ஒரு கடிதம் அனுப்பலாம். அந்த ஒரு கடிதத்துக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

குடும்பம் வெளியூர் போய்விட்டால் விடுதி என்ற கதவு திறக்கும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளையாக இருக்கும்வரை அரசு நல விடுதியில் தூர நிபந்தனை குறுக்கே நிற்கும். அரசு பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் அது 8 கிலோமீட்டர், மாணவிகளுக்கு அந்த நிபந்தனையும் இல்லை. 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டினார்கள். பெற்றோரின் வருமானம் வரம்புக்குள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள், குடும்பம் ஊரைவிட்டுப் போனதும் கல்லூரியைவிட்டும் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாமல், முதலில் இந்த விண்ணப்பத்தை வாங்கி நிரப்ப வேண்டும்.

1988, தஞ்சாவூர்

எனக்கு நடந்ததைச் சொல்லாமல் மருமகளுக்கு அறிவுரை சொல்வது நேர்மையில்லை.

1988-ல் அப்பாவுக்கு மதுரையிலிருந்து தஞ்சாவூருக்கு மாற்றல். தபால் துறை. அண்ணன் பி.காம். முடித்திருந்தான், அவன் பிரச்சினையில்லை. நான் பி.எஸ்சி. தாவரவியல் முதலாண்டு முடித்திருந்தேன். மதுரைக் கல்லூரி விடுதியில் இடம் இருந்தது. என் தோழி தன் அறையிலேயே ஒரு கட்டிலை எனக்காகச் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் பேச்சு ஒரே வரியில் முடிந்தது: "பொம்பளப் பிள்ளைய எப்படி தனியா விட்டுட்டுப் போறது?" என்னை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

தஞ்சாவூரில் நான் சேர்ந்த கல்லூரியில் முதலாண்டுத் துணைப்பாடம் விலங்கியல். நான் முடித்திருந்தது வேதியியல். இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து அந்த விலங்கியலையும் தனியாக எழுத வேண்டும் என்று சேர்ந்து நான்கு மாதம் கழித்துத்தான் அலுவலகத்தில் சொன்னார்கள். தவளையை அறுக்கும் செய்முறைக்கு முதலாண்டு மாணவிகளோடு கடைசி மேசையில் நின்றேன். அந்தத் தாளில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாம் முறை தேறியபோது என் வகுப்புத் தோழிகள் எம்.எஸ்சி.யில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று, யாரிடமும் அன்று சொன்னதில்லை: இரண்டாம் ஆண்டு வகுப்பில் யார் யாரோடு உட்காருவது என்பது முதலாண்டிலேயே முடிவாகிவிட்டது. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாகவே இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

இதை வைத்து, மாற்றியது தவறு என்று எழுதிவிட என்னால் முடியவில்லை. அந்த இரண்டு வருடமும் அப்பா மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் பெரிய கோயில் புல்தரைக்கு நடந்து போவோம். நந்தி மண்டபத்தைத் தாண்டி உட்கார்ந்து, தபாலில் வந்து போகிற மனிதர்களைப் பற்றி அப்பா பேசிக்கொண்டே இருப்பார். நான் எழுதத் தொடங்கியதற்கு அந்தப் பேச்சுத்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. 1995-ல் அப்பா போய்விட்டார். மதுரை விடுதியில் இருந்திருந்தால் எனக்கு எம்.எஸ்சி. ஓராண்டு முன்னால் கிடைத்திருக்கும். அந்த மாலைகள் கிடைத்திருக்காது. எதை எதோடு வைத்து நிறுப்பது?

ஒன்றில் மட்டும் தெளிவாக இருக்கிறேன். என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டு நானே தஞ்சாவூர் என்று சொல்லியிருந்தால், அந்த நாலாவது இடத்தில் நான் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஆகவே மருமகளிடம் பதில் சொல்வதற்குப் பதில் கேள்விகள் கேட்டேன். ஒரு ஞாயிறு மதியம் முழுக்கப் பேசினோம். அங்கே போக ஆசையா, இங்கே இருக்கப் பயமா என்று கேட்டேன். இரண்டும் ஒன்றல்ல. வகுப்பில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா, பாடம் புரியவில்லையா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். குடும்பம் நகர்வதைச் சாக்காக வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றிலிருந்து தப்பிக்க நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் இரண்டு தாள் போனாலும் பரவாயில்லை, ஓராண்டு போனாலும் பரவாயில்லை, பிள்ளையை வீட்டோடு கூட்டிப் போய்விட வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கிறது. பெற்றோரிடம் சொல்லத் தயங்குவதை அங்கே சொல்லலாம்.

அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. "லேப்ல சந்தோசமா இருக்கு அத்த. மேடம் ஸ்பெக்ட்ரோமீட்டர என்னையத்தான் செட் பண்ணச் சொல்லுவாவ" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா ராத்திரி சாப்பிடும்போது வீட்ல எல்லாரும் இருப்பாங்க. அது இல்லாம எப்படி இருக்கும்னு தெரியல" என்றாள்.

மதினியின் பயம் வேறு. அது 1988-ல் எங்கள் வீட்டில் பேசப்பட்ட அதே பயம், கொஞ்சம் நாகரிகமாக: "காலம் கெட்டுக் கிடக்கு." பெண்கள் படிக்க 19-ஆம் நூற்றாண்டிலேயே கல்லூரி எழும்பிய ஊர் பாளையங்கோட்டை. தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கிப் படித்த ஊர். வெளியூர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் பத்திரமான ஊர், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் எப்படிப் பத்திரமில்லாமல் போகும்? இதை மதினியிடம் நேராகவே சொன்னேன். பதில் சொல்லவில்லை, அழுதாள். அந்த அழுகையிலும் நியாயம் இருந்தது. மகள் கல்யாணமாகிப் போகும்போது அழ வேண்டியதை மூன்று நான்கு வருடம் முன்னாலேயே, தான் ஊரைவிட்டுப் போவதால் அழ வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவள் வருத்தம்.

கடைசியில் அண்ணன்தான் பேசினான். சாப்பாட்டு மேசையில் மகளைப் பார்த்து, "மாத்தல் எனக்குத்தாம்மா வந்திருக்கு, உனக்கு இல்லையே. நீ என்ன சொல்லுத?" என்று கேட்டிருக்கிறான். அவள் இருந்துகொள்வதாகச் சொன்னாள். மூன்றாம் செமஸ்டர் முடிந்ததும் மறுபடி ஒருமுறை பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஜூன் கடைசியில் லாரி வந்தது. பெருமாள்புரம் வீட்டை வாடகைக்கு விட்டார்கள். அவளுடைய மேசையையும் சைக்கிளையும் மட்டும் விடுதிக்குக் கொண்டுபோனார்கள். விடுதியில் எல்லோரும் வெளியூர். சொந்த ஊரிலேயே விடுதியில் இருக்கும் பெண் என்று அவளைப் பார்க்க மற்ற அறைப் பெண்கள் வந்தார்களாம். முதல் மாதம் ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய தெரு வழியாகப் போயிருக்கிறாள். எங்கள் முருங்கை மரத்தை வெட்டாமல் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கத்தான் என்றாள். வெட்டவில்லை. இரண்டாவது மாதம் போவதை நிறுத்திவிட்டாள். அதை என்னிடம் சொன்ன விதத்தில் துக்கம் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்தது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம், கோயில் மணி, ஆட்டோ ஹாரன்.

"எங்கட்டி நிக்க?"

"டவுன்ல, இருட்டுக்கடை வரிசைல அத்த. ராத்திரி ரயில்ல கோயம்புத்தூர் போறேன்."

பத்தொன்பது வருடம் அந்த ஊரில் இருந்தவள் அந்த வரிசையில் நின்றதே இல்லை. அல்வா வெளியூர்க்காரர்கள் வாங்குவது. எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தனுப்புவான், அவ்வளவுதான்.

"வீட்டுக்குப் போறதுக்கு எவ்வளவு வாங்கணும் அத்த? அரைக் கிலோ போதுமா? பக்கத்து வீட்டுக்கெல்லாம் அம்மா குடுப்பால்லா?"

"ஒரு கிலோவா வாங்கிரு" என்றேன்.